கேட்டலாகை அழிக்கும் முன் வில்லங்கம் பார்த்தீர்களா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கிளவுட் பில்லைக் குறைப்பது பற்றி எழுதும்போது, "பயன்படாத பழைய டேட்டா கேட்டலாகுகளை நீக்கிவிடுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகக் கூடாத விஷயம் அது, படித்துப் பார்த்ததும் புரிந்தது. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே. கேட்டவர்கள் அநேகமாக எல்லோருமே அமேசானின் எஸ்3 (ஃபைல் கிடங்கு), க்ளூ (எந்த டேபிளின் ஃபைல் எங்கே என்று சொல்லும் கேட்டலாக்), அத்தீனா (அந்த ஃபைல்களில் க்வெரி ஓட்டுகிற சேவை) வைத்திருப்பவர்கள், பதில்களும் அதை ஒட்டியே இருக்கும்.

சத்துவாச்சாரி வாசகி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் டேட்டா பிரிவில் இருக்கிறேன் சார். தோல் கொள்முதல், ஜாப் ஒர்க், ஏற்றுமதி பில் எல்லாம் எஸ்3 பக்கெட்டில் இருக்கிறது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு, புது மாவட்டக் கணக்குப்படி க்ளூ கேட்டலாகில் இன்னொரு டேட்டாபேஸ் போட்டுக்கொண்டார்கள். பழையதும் அப்படியே கிடக்கிறது, 40 டேபிளுக்கு மேல். பழையதைத் தூக்கிவிடு என்கிறார் மேனேஜர். தூக்கினால் அடியில் இருக்கிற டேட்டாவும் போய்விடுமா? டெலீட் பட்டன் வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பி வந்தது சரிதான் அம்மா. இதில் பயப்படத் தேவையில்லாத இடம் ஒன்று, கட்டாயம் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

முதலில் தேவையில்லாத பயம். 2019 நவம்பர் கடைசியில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானபோது வாலாஜா பக்கம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? காகிதத்தில் மாவட்டம் என்ற இடத்தில் வேலூர் போய் ராணிப்பேட்டை வந்தது. நிலம் அதே வரப்போடு, அதே கிணற்றோடு இருந்த இடத்தில்தான் இருந்தது. க்ளூ கேட்டலாக் அந்த மாதிரிப் பதிவேடுதான். டேபிளின் பெயர் என்ன, அதில் என்னென்ன காலம்கள் (நெடுவரிசைகள்), ஒவ்வொன்றும் எண்ணா எழுத்தா தேதியா, ஃபைல் வடிவம் சிஎஸ்வியா பார்க்கேவா, எந்த பக்கெட்டில் எந்த ஃபோல்டர், அதற்குள் வருஷம், மாதம் மாதிரிப் பிரித்துவைத்த பார்ட்டிஷன்கள் என்னென்ன, இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். உங்கள் தோல் கொள்முதல் பில் ஒன்றுகூட அதற்குள் கிடையாது. க்ளூ கன்சோலில் ஒரு டேபிளை டெலீட் செய்தால் பதிவேட்டில் அந்தப் பக்கம் போகும், எஸ்3-ல் இருக்கிற ஃபைலை யாரும் தொட மாட்டார்கள். அத்தீனாவில் சாதாரண எக்ஸ்டர்னல் டேபிளுக்கு (ஃபைல் கேட்டலாகின் பொறுப்பில் இல்லாத டேபிள்) டிராப் டேபிள் என்ற நீக்கும் கட்டளை கொடுத்தாலும் அப்படித்தான்.

இனி உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம். ஐஸ்பர்க் என்ற வடிவத்தில் உருவாக்கிய டேபிள் என்றால் அத்தீனா அதைத் தன் பொறுப்பில் இருக்கிற டேபிளாக எடுத்துக்கொள்கிறது. அங்கே டிராப் டேபிள் கொடுத்தால் பதிவேட்டோடு சேர்த்து ஃபைல்களையும் அழித்துவிடும். ஸ்பார்க், ஹைவ் மாதிரி டேட்டா கையாளும் மென்பொருள்களில் இடம் குறிப்பிடாமல் உருவாக்கிய மேனேஜ்டு டேபிளை அங்கிருந்தே டிராப் செய்தாலும் அதே கதிதான். இதில் பலர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. டேபிள் விவரத்தில் டைப் என்ற இடத்தில் ஐஸ்பர்க் டேபிளுக்கும் "எக்ஸ்டர்னல் டேபிள்" என்றுதான் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது என்று இறங்கிவிடுகிறார்கள். கீழே பாராமீட்டர் பகுதி வரை போய்ப் பாருங்கள், ஐஸ்பர்க் என்ற பெயரும் மெட்டாடேட்டா லொகேஷன் என்ற வரியும் அங்கேதான் இருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இது கண்ணெதிரே நடந்தது. கூட வேலை பார்த்த தம்பி நல்ல கெட்டிக்காரன், கேட்டலாகைத்தானே அழிக்கிறோம் என்று அத்தீனா ஜன்னலிலேயே டிராப் கொடுத்தான், மூன்று வினாடியில் முடிந்தது. மறுநாள் காலை ஸ்டாக் ரிப்போர்ட் வரவில்லை. பக்கெட்டில் வெர்ஷனிங் (அழித்த ஃபைலின் பழைய நகலை வைத்துக்கொள்ளும் வசதி) போட்டு வைக்கவில்லை, மூன்று மாதச் சரக்கு வரத்து மொத்தமாகப் போயிருந்தது. செக்யூரிட்டி அறையில் இருந்த கேட் பாஸ் புத்தகங்களை எடுத்துவந்து, நான்கு பேர் உட்கார்ந்து, கார்பன் எழுத்தைப் படித்துப் படித்துத் திரும்ப ஏற்றினோம். 11 நாள். அந்தத் தம்பியின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிலம் வாங்கப் போனால் வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு" என்பார்கள். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். இந்த 40 டேபிளுக்கும் வில்லங்கம் பாருங்கள்.

முதல் வேலை, ஒவ்வொரு டேபிளின் லொகேஷனையும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே புது டேட்டாபேஸின் லொகேஷன்களையும் எழுதுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பழைய பதிவேடும் புதுப் பதிவேடும் ஒரே ஃபோல்டரைத்தான் காட்டுகின்றன என்று தோன்றுகிறது. அதாவது ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா. ஆம்பூர், வாணியம்பாடி கணக்கு எல்லாம் 2019 வரைக்கும் வேலூர் ஃபோல்டருக்குள்ளேயும், அதற்குப் பிறகு திருப்பத்தூர் ஃபோல்டரிலும் இருக்கக்கூடும். புது டேபிள் அந்தப் பழைய ஃபோல்டரையும் சேர்த்துப் படிக்கிறதா, இல்லை பழைய வருஷங்களைப் படிக்க இந்தப் பழைய டேபிள் ஒன்றுதான் வழியா என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஃபோல்டர் என்றால், பழைய டேபிளோடு ஃபைல்கள் போனால் புதுசும் அதோடு காலி. இதை ஷீட்டில் பார்த்த பிறகுதான் மேனேஜரிடம் தேதி சொல்ல வேண்டும்.

இரண்டாவது, யார் யார் இதை நம்பி இருக்கிறார்கள் என்பது. அத்தீனாவின் க்வெரி ஹிஸ்டரி 45 நாள்தான் நிற்கும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று குறித்துவைக்கிற கிளவுட்ட்ரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள், அதில் டேபிளை யார் எடுத்துப் படித்தார்கள் என்பதும் இருக்கும். 45 நாளில் யாரும் தொடவில்லை என்று அழித்துவிட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓடுகிற ரிப்போர்ட் மாட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டருக்குப் போகிற ரிப்போர்ட் 90 நாளிலும் தெரியாது, அதை ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், அக்கவுண்ட்ஸ் அறைக்கு நேரில் போய்க் கேளுங்கள். அப்புறம், பழைய டேபிள்மேல் கட்டிய வியூக்கள் (பெயர் வைத்துச் சேமித்த க்வெரிகள்). அடியில் இருக்கிற டேபிள் போனால் வியூ பட்டியலில் அப்படியே நிற்கும், ஓட்டினால்தான் விழும். ரெட்ஷிஃப்ட் என்ற டேட்டா வேர்ஹவுஸில் இந்த டேட்டாபேஸை எக்ஸ்டர்னல் ஸ்கீமாவாகச் சேர்த்திருக்கிறார்களா, குயிக்சைட் டேஷ்போர்டு இதிலிருந்து எடுக்கிறதா, க்ளூ ஜாப் ஏதாவது இந்தப் பெயரைச் சொல்லிப் படிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் நினைக்காத ஒன்று ஃபயர்ஹோஸ், வருகிற டேட்டாவை எஸ்3-ல் கொண்டுபோய்ச் சேர்க்கிற சேவை. வருகிற ரெக்கார்டைப் பார்க்கேவாக மாற்றி எழுதச் சொல்லி வைத்திருந்தால், காலம்களின் அமைப்பை அது க்ளூ டேபிளிலிருந்துதான் எடுக்கும்.

மூன்றாவது, நகல். க்ளூவுக்கு ரீசைக்கிள் பின் கிடையாது, ஒரு டேபிளை அழித்தால் அதன் பழைய வெர்ஷன்களும் பார்ட்டிஷன் பட்டியலும் சேர்ந்து கைவிட்டுப் போகும். அதனால் கமாண்ட் லைனில் கெட் டேபிள்ஸ் கொடுத்து முழு விவரத்தையும் ஜேசான் ஃபைலாக இறக்குங்கள், டேபிள் டேபிளாக கெட் பார்ட்டிஷன்ஸ் கொடுத்து அதையும் இறக்குங்கள், அத்தீனாவில் ஷோ கிரியேட் டேபிள், வியூவுக்கு ஷோ கிரியேட் வியூ கொடுத்து வருகிறதைக் காப்பி எடுத்து வையுங்கள். 40 டேபிளுக்கு ஒரு மதியப் பொழுது போகும், போகட்டும். அதே கையோடு பக்கெட்டில் வெர்ஷனிங்கை ஆன் செய்யுங்கள். இது ஆனில் இருந்தால் ஃபைலை யாராவது அழித்தாலும் அதன்மேல் ஒரு டெலீட் மார்க்கர்தான் விழும், மார்க்கரை எடுத்தால் ஃபைல் திரும்பும்.

இத்தனைக்கும் பிறகும் நேரே அழிக்காதீர்கள், முதலில் பூட்டிப் பாருங்கள். அந்த டேட்டாபேஸை யாரும் படிக்க முடியாதபடி ஐஏஎம்-ல் (யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கிற இடம்) ஒரு டினை பாலிசி, அதாவது தடை விதி, போட்டுவிட்டு ஒரு காலாண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை விடுங்கள். கதவைத் தட்ட யாராவது வந்தால் பாலிசியை எடுத்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை. யாரும் வரவில்லை என்றால் டேபிள்களை முதலில் எடுங்கள், ஒரே தடவையில் 100 டேபிள் வரை நீக்க பேட்ச் டெலீட் இருக்கிறது. டேபிள்களையும் வியூக்களையும் எடுத்து முடித்த பிறகு காலியான டேட்டாபேஸை எடுங்கள். அத்தீனாவில் டிராப் டேட்டாபேஸோடு கேஸ்கேட் சேர்த்தால் உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகும், உங்கள் நிலைமையில் அந்தச் சொல்லைத் தட்டவே தட்டாதீர்கள். ஐஸ்பர்க் டேபிள் இருந்து, ஃபைலை வைத்துக்கொண்டு பதிவை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அத்தீனா பக்கமே போகாமல் க்ளூவின் டெலீட் டேபிளைப் பயன்படுத்துங்கள். அது பதிவை மட்டும்தான் தொடும்.

ஆம்பூர் வாசகர்: எட்டு டேபிளை அழித்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் எட்டும் அப்படியே இருக்கின்றன. மறுபடி அழித்தேன், மறுபடி வந்துவிட்டன. அக்கவுண்டை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

இல்லை, உங்கள் க்ராலர் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறது. க்ராலர் என்பது எஸ்3 ஃபோல்டரைச் சுற்றிப் பார்த்து, என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து, பதிவேட்டில் டேபிளாக எழுதுகிற வேலையாள். ஃபைல் அங்கேயே இருக்கிறது, நீங்கள் பதிவை மட்டும் எடுத்தீர்கள், அது வந்து பார்த்து விட்டுப்போனதாக நினைத்துத் திரும்ப எழுதிவிடுகிறது. க்ளூ கன்சோலில் க்ராலர் பட்டியலைத் திறந்து ஷெட்யூலைப் பாருங்கள், நீங்கள் காலையில் பார்த்த டேபிளின் கிரியேட் நேரமும் க்ராலர் ஓடிய நேரமும் ஒத்துப்போகும். முதலில் ஷெட்யூலை நிறுத்துங்கள், வேறு எதற்கும் அந்த க்ராலர் வேண்டாம் என்றால் அதையே நீக்குங்கள், அதற்குப் பிறகு டேபிள்களை எடுங்கள்.

க்ராலர் எதுவும் இல்லையென்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, வேலை முடிந்ததும் கேட்டலாகையும் அப்டேட் செய்யச் சொல்லி எழுதிய க்ளூ ஜாப். இன்னொன்று, டெர்ராஃபார்ம் மாதிரி, என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து ஓட்டுகிற ப்ரோகிராம் கோடு மூலம் டேபிள் உருவாக்கியிருப்பது. கன்சோலில் நீங்கள் அழித்தது அந்தக் கோடுக்குத் தெரியாது, அடுத்த தடவை ஓடும்போது குறைகிறதே என்று உருவாக்கிவிடும். எங்கே உருவாக்கினார்களோ அங்கேதான் நீக்க வேண்டும்.

குடியாத்தம் வாசகர்: உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு 30 டேபிளும் இரண்டு டேட்டாபேஸும் நீக்கினேன். மாதக் கடைசியில் பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. லுங்கி வியாபாரத்துக்காக வைத்த சின்ன செட்டப்தான்.

தவறு என்னுடையது, அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாது. க்ளூ கேட்டலாகில் டேபிள், அதன் வெர்ஷன், பார்ட்டிஷன், டேட்டாபேஸ் எல்லாம் சேர்த்து முதல் 10 லட்சம் பதிவுகள் வரை இலவசம். அதற்கு மேல்தான் ஒவ்வொரு 1 லட்சத்துக்கும் மாதம் 1 டாலர். உங்கள் 30 டேபிள் அந்த எல்லையின் ஓரத்தைக்கூடத் தொட்டிருக்காது. பணம் போவது பதிவேட்டுக்கு இல்லை, கிடங்குக்கு. மும்பை ரீஜனில் எஸ்3 ஸ்டாண்டர்டு ஒரு ஜிபிக்கு மாதம் சுமார் 0.025 டாலர், 400 ஜிபி கிடந்தால் மாதம் 10 டாலர். கேட்டலாகில் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த 10 டாலர் போய்க்கொண்டேதான் இருக்கும். சொல்லப்போனால் இப்போது நிலைமை கொஞ்சம் மோசம், அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று சொல்லப் பதிவுகூட இல்லை.

பில் குறைய மூன்று இடம் பாருங்கள். அத்தீனாவில் நீங்கள் ஓட்டுகிற ஒவ்வொரு க்வெரியின் முடிவும் எஸ்3-ல் ஒரு ஃபைலாகச் சேர்கிறது, யாரும் அழிக்கச் சொல்லாதவரை வருஷக்கணக்காகக் கிடக்கும், அந்த ரிசல்ட் ஃபோல்டருக்கு மட்டும் 30 நாளில் காலாவதி என்று லைஃப்சைக்கிள் விதி போடுங்கள். வெர்ஷனிங் உள்ள பக்கெட்டில் அழித்த ஃபைலின் பழைய வெர்ஷன்களுக்கும் வாடகை உண்டு, அதற்கும் ஒரு நாள் கணக்கு வையுங்கள். மூன்றாவது க்ராலர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறைந்தது 10 நிமிஷக் கட்டணம், டிபியு (க்ளூவின் கணினித் திறன் அலகு) ஒன்றுக்கு மணிக்கு 0.44 டாலர். மணிக்கு ஒரு தடவை ஓடினால் மாதம் 720 ஓட்டம், 120 மணி நேரம். ஒரே ஒரு டிபியு என்று வைத்தாலே 52 டாலருக்கு மேல் வந்துவிடுகிறது. உங்கள் தறிக் கணக்கு நாளுக்கு ஒரு தடவைதானே ஏறுகிறது? அப்படியென்றால் க்ராலரும் நாளுக்கு ஒரு தடவை ஓடினால் போதும்.

காட்பாடி வாசகர்: நான் அட்மின், எனக்கு எல்லா ஐஏஎம் அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் ஒரு டேபிளை நீக்கப் போனால் "லேக் ஃபார்மேஷன் பெர்மிஷன் போதவில்லை, டிராப் வேண்டும்" என்று வருகிறது. அட்மினுக்கே அனுமதி இல்லையா?

இது நிறையப் பேரைக் குழப்புகிற இடம் தம்பி. லேக் ஃபார்மேஷன் (டேட்டாபேஸ், டேபிள் வாரியாக அனுமதி கொடுக்கிற அமேசான் சேவை) ஆன் செய்த அக்கவுண்டில் இரண்டு பூட்டு. ஐஏஎம் ஒன்று, லேக் ஃபார்மேஷன் ஒன்று, இரண்டும் திறந்தால்தான் உள்ளே போக முடியும். நீங்கள் ஐஏஎம் சாவியை மட்டும் வைத்திருக்கிறீர்கள். டேட்டா லேக் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று லேக் ஃபார்மேஷனுக்குள் தனியாக ஒரு பதவி உண்டு, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும்கூட, வேறு ஒருவர் உருவாக்கிய டேபிளை டிராப் செய்யும் உரிமை அதிலேயே வந்துவிடாது. ஆனால் அந்த உரிமையை யாருக்கும், உங்களுக்கே கூட, கொடுத்துக்கொள்ள முடியும். ஆகவே வழி இது: அட்மினாக உள்ளே போய், அந்த டேபிளுக்கு உங்கள் ரோலுக்கு டிராப் கொடுத்துக்கொள்ளுங்கள், வேலையை முடியுங்கள், எடுத்துவிடுங்கள். அவசரத்தில் எல்லாருக்கும் சூப்பர் பெர்மிஷன் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள்.

நீக்கப்போவது உண்மையான டேபிளா அல்லது இன்னொரு அக்கவுண்டிலிருந்து பகிர்ந்த டேபிளைக் காட்டுகிற ரிசோர்ஸ் லிங்க்கா என்பதையும் பாருங்கள். லிங்க்கை எடுத்தால் லிங்க் மட்டும் போகும், அசல் அங்கேயே இருக்கும். அசலை அவர்கள் எடுத்தாலோ உங்கள் பக்கம் லிங்க் தானாகப் போகாது, எதையும் காட்டாத கைகாட்டி மாதிரி நின்றுகொண்டிருக்கும், அதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

ஆற்காடு வாசகி: அத்தீனாவில் டேட்டா சோர்ஸ் பட்டியலில் இரண்டு இருக்கின்றன. ஒன்றை நீக்க முடிகிறது, "ஏடபிள்யூஎஸ் டேட்டா கேட்டலாக்" என்பதை நீக்கவே முடியவில்லை.

அது உங்கள் அக்கவுண்டோடு வருகிற க்ளூ கேட்டலாக், அதை முழுசாக எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கிற டேட்டாபேஸ்களை எடுத்தால் காலியாக நிற்கும், அவ்வளவுதான். நீக்க முடிந்த இன்னொன்று கனெக்டர் வைத்து வெளி டேட்டாபேஸைச் சேர்த்ததாக இருக்கும். அதை நீக்கினாலும் அதற்காக உருவான லாம்ப்டா ஃபங்ஷன் தங்கியிருக்கிறதா என்று லாம்ப்டா பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாலாஜாபேட்டை வாசகர்: எங்கள் அலுவலகத்தில் டேட்டாப்ரிக்ஸ் தளமும் அதன் யூனிட்டி கேட்டலாக்கும். அங்கேயும் இதே விதிதானா?

இல்லை, அங்கே மேனேஜ்டு டேபிளின் ஃபைலும் கேட்டலாகின் பொறுப்பு. டிராப் செய்தால் ஃபைல்களும் பின்னால் அழிக்கப்படும், ஆனால் உடனே இல்லை. அன்டிராப் என்று ஒரு கட்டளை கொடுத்து 7 நாளுக்குள் திரும்ப எடுக்கலாம். எக்ஸ்டர்னல் டேபிள் என்றால் பதிவு மட்டும் போகும், ஃபைல் இருக்கும். அந்த 7 நாளை நம்பி டிராப் கேட்டலாக் கேஸ்கேட் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தப்பு நடந்தது எட்டாம் நாள் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

வாணியம்பாடி வாசகர்: எல்லா யோசனையும் எனக்குத் தாமதமாகத்தான் கிடைக்கும் போல. போன வாரம் வாடிக்கையாளர் டேட்டாபேஸை க்ளூவிலிருந்து அழித்துவிட்டேன். நகல் எடுக்கவில்லை. ஃபைல் எல்லாம் எஸ்3-ல் இருக்கிறது, பார்த்துவிட்டேன். எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

ஃபைல் இருக்கிறது என்றீர்களே, பாதி மூச்சு வந்துவிட்டது. ஒரு வாரம்தான் ஆகிறது, இன்று செய்தால் நிறைய மீட்க முடியும், அதனால் இதைப் படித்ததும் தொடங்குங்கள்.

முதலில் கன்சோலில் மேல் வலது மூலையில் ரீஜன் என்ன என்று பாருங்கள். கேட்டலாக் ரீஜனுக்கு ஒன்று தனித்தனி. மும்பையில் இருக்கிறதை ஹைதராபாத்தில் தேடி, போய்விட்டது என்று அழுதவர்கள் உண்டு. உங்களுடையது உண்மையிலேயே அழிந்ததுதான் என்றால் கிளவுட்ட்ரெயிலில் டெலீட் டேட்டாபேஸ், டெலீட் டேபிள் ஈவென்ட்களைத் தேடுங்கள். யார், எப்போது, எந்தப் பெயர் என்பது கிடைக்கும். காலம்களின் விவரம் அதில் இருக்காது, ஆனால் டேபிள்களைத் தனித்தனியாக அழித்திருந்தால் என்னென்ன டேபிள் திரும்பக் கட்ட வேண்டும் என்ற பட்டியல் கைக்கு வரும்.

அடுத்து அத்தீனாவின் க்வெரி ஹிஸ்டரி. 45 நாளுக்குள் யாராவது கிரியேட் டேபிள் கொடுத்திருந்தால் அந்த வாசகம் முழுசாக அங்கே இருக்கும், அப்படியே எடுத்து ஓட்டலாம். கிரியேட் இல்லாவிட்டாலும் செலக்ட் க்வெரிகளில் காலம் பெயர்கள் இருக்கும், அவற்றைச் சேர்த்தாலே பாதி அமைப்பு தெரிந்துவிடும். ஃபைல் பார்க்கே என்றால் கவலை குறைவு, காலம் பெயரும் டைப்பும் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன, க்ராலரை ஓட்டினால் சரியாகவே எழுதிவிடும்.

சிஎஸ்வி என்றால் க்ராலரை ஓட்டிய பிறகு கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். க்ராலர் மாதிரியைப் பார்த்து ஊகிக்கிறது. வாடிக்கையாளர் டேபிள் என்கிறீர்கள், எஸ்டிடி கோடு காலம் இருக்கும். வேலூர் 0416, ராணிப்பேட்டை 04172. க்ராலர் எல்லாம் இலக்கமாக இருக்கிறதே என்று எண் டைப் போட்டுவிடும், அத்தீனாவில் பார்த்தால் 416 என்றும் 4172 என்றும் நிற்கும். முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போயிருக்கும். ஃபைலில் பூஜ்யம் பத்திரமாக இருக்கிறது, பதிவேட்டில் டைப் தப்பு, அவ்வளவுதான். டேபிள் விவரத்தில் அந்தக் காலத்தை ஸ்ட்ரிங் என்று மாற்றினால் 0416 திரும்ப வந்துவிடும். பூஜ்யத்தில் தொடங்குகிற எந்த எண்ணாக இருந்தாலும் இப்படித்தான், வாடிக்கையாளர் கோடு, பில் எண், எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் வேறு டேபிளோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒன்றும் பொருந்தாது, எங்கே தப்பு என்று ஒரு வாரம் தேட வேண்டிவரும்.

பிறகு பார்ட்டிஷன். கிரியேட் வாசகத்தை வைத்து டேபிளைக் கட்டியிருந்தால் டேபிள் இருக்கும், க்வெரி ஓடும், ஒரு வரிகூட வராது. பார்ட்டிஷன் பட்டியல் இன்னும் ஏறவில்லை என்பதுதான் காரணம், டேட்டா போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோல்டர் பெயர்கள் "வருஷம்=2023" மாதிரிச் சமக்குறியோடு இருந்தால் எம்எஸ்சிகே ரிப்பேர் டேபிள் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ஏற்றும். ஆனால் ஃபோல்டர் பெயரில் நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்தால் அது கண்டுகொள்ளாது, அப்படிப்பட்டவற்றையும் வெறும் 2023 என்று இருக்கிற ஃபோல்டர்களையும் ஆல்டர் டேபிள் ஆட் பார்ட்டிஷன் கொடுத்து ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும்.

ஐஸ்பர்க் டேபிள் ஏதாவது அதில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதற்கு க்ராலர் ஓட்டும் முன் அந்த ஃபோல்டருக்குள் மெட்டாடேட்டா என்ற உள் ஃபோல்டரைத் திறந்து, கடைசியாக எழுதிய மெட்டாடேட்டா ஜேசான் ஃபைலைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்பார்க்கில் ரெஜிஸ்டர் டேபிள் என்ற செயல்முறையில் அந்த ஃபைலைக் காட்டினால் பழைய டேபிள் அப்படியே பதிவேட்டில் ஏறும்.

எல்லாம் ஏறிய பிறகு, போன மாதம் யாருக்காவது மெயிலில் அனுப்பிய ஒரு ரிப்போர்ட்டை எடுத்து, அதிலுள்ள மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் அந்த மாதத்தின் மொத்தத் தொகையையும் புது டேபிளில் ஓட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு எண்ணையும், டேபிளின் ஷோ கிரியேட் டேபிள் வாசகத்தையும் அனுப்புங்கள், வாடிக்கையாளர் விவரம் எதையும் அனுப்ப வேண்டாம், அடுத்த இதழ் வரை காத்திருக்காமல் நேரடியாகவே பதில் எழுதுகிறேன்.